சுவரில் ஒரு கைப்பிடி

காலையில் லேபுக்குக் கிளம்புகிற அவசரத்தில், ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கையில் குடை, வாயில் வீட்டுச் சாவி என்று ஹாலைக் கடந்தபோதுதான் அவன் அதைப் பார்த்தான். மேற்குச் சுவரில் மாட்டியிருந்த பித்தளைக் கைப்பிடியின் நடுவில், ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்பு. முந்தின நாள் ராத்திரிவரை அங்கே காய்ச்சிய சர்க்கரையின் நிறத்தில் சீரான பழுப்புதான் இருந்தது. தினமும் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போவான், அவனுக்குத் தெரியாதா? சாவி வாயிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"இதை யார் தேய்ச்சது?"

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "எதை?"

"எதையா? கண்ணு தெரியலையா உனக்கு? ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடற."

"மாட்டி மாட்டித்தான் என் கண்ணு போச்சு. நான் தொடலைங்க. உங்க பித்தளையைத் தொட எனக்கென்ன பைத்தியமா?"

அவன் பல் லேபில் பல்செட் செய்கிறவன். அவள் கண்ணாடிக் கடையில், வருகிறவர்களின் மூக்குக்கும் காதுக்கும் தகுந்தபடி ஃபிரேமை வளைத்துக் கொடுக்கிறவள். அவன் ஊரார் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் ஊரார் கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது மட்டும் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தது. அதில் பாதிக் குற்றம் வேலையுடையது. மீதிக் குற்றம் பித்தளையுடையது.

பித்தளை என்றால் பாத்திரக் கடையில் எடை போட்டு விற்கிற சமாச்சாரம் என்று அவனிடம் யாராவது சொல்லிவிட்டால் போச்சு, அன்றைய பொழுது அவ்வளவுதான். அவன் சேர்ப்பது ஐம்பது, அறுபதுகளில் வீட்டு அலங்காரத்துக்கென்று செய்த பித்தளை. மிட்-செஞ்சுரி என்பார்கள் அந்த வட்டத்தில். பூவேலை, கொடிவேலை எதுவும் இருக்காது. ஒரே ஒரு வளைவு. அந்த வளைவிலேயே பொருள் முடிந்துவிடும். மூன்று குச்சிக் காலில் நிற்கும் மெழுகுவர்த்தித் தாங்கி, கழுத்து நீண்ட பறவை, கூம்புத் தொப்பி போட்ட மேஜை விளக்கு, நாலாபுறமும் கதிர் நீட்டிய சுவர்க் கடிகாரம். சிகரெட் குடிக்காத வீட்டில் ஏழெட்டு ஆஷ்ட்ரே. புத்தகமே இல்லாத அலமாரியில் புத்தகத் தாங்கிகள்.

இவற்றுக்கெல்லாம் சட்டம் உண்டு. வெறுங்கையால் தொடக்கூடாது, பருத்திக் கையுறை போட வேண்டும். பாலிஷ் கூடவே கூடாது. காற்றும் காலமும் சேர்ந்து பித்தளைமேல் ஏற்றுகிற பழுப்பு இருக்கிறதே, அதுதான் அதன் வயசு, அதுதான் அதன் மரியாதை. ஒருமுறை தேய்த்துவிட்டால் திரும்ப வர ஒரு ஆயுசு ஆகும். தெரியாதவர்கள் அழுக்கு என்று நினைத்துத் தேய்த்து வைத்த பொருளைக் கண்டால் அவனுக்கு வயிறு எரியும். லேபில் நாள் முழுக்கப் பொய்ப்பல்லைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறவன், வீட்டில் பளபளப்பைப் பார்த்தால் பாம்பைப் பார்த்ததுபோல் குதிப்பான். அவள் பலமுறை சொல்லிக் காட்டிச் சிரித்திருக்கிறாள். இப்போதெல்லாம் சிரிப்பதில்லை.

பித்தளை வர வர, அவளுடைய சாமான்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. கல்யாணப் போட்டோ இருந்த இடத்தில் கடிகாரம் வந்தது. மேற்குச் சுவரில் ஒரு கண்ணாடி இருந்தது. அவள் வேலைக்குக் கிளம்புமுன் அதன்முன் நின்றுதான் தலைவாருவாள். இந்தக் கைப்பிடி வந்ததும் அது குளியலறைக்குப் போயிற்று. "குளிக்கிற எடத்துல நின்னு தலைவாரினா ஆவியில ஒண்ணுமே தெரியாதுங்க" என்றாள். "பழகிடும்" என்று சொல்லிவிட்டான்.

கைப்பிடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கதவில் நெடுக்காகப் பொருத்திப் பிடித்து இழுக்கும் வகை. முழங்கை நீளம். மெலிந்த இலை ஒன்று லேசாக முறுக்கிக்கொண்ட மாதிரி வார்ப்பு. இந்த மாதிரிக் கைப்பிடிகளைக் கதவில் போடாமல் படம் மாட்டுவதுபோல் சுவரில் மாட்டுவது சேகரிப்பவர்களின் பழக்கம். வெளியாளுக்கு அது கிறுக்குத்தனமாகத் தெரியும்.

மாட்ட வந்த தச்சருக்கும் அப்படித்தான் தெரிந்தது. "சார், இது கதவுல போடுறது. செவுத்துல எதுக்கு?"

"அழகுக்கு."

தச்சர் கைப்பிடியின் கால்களில் இருந்த துளைகளைத் தடவிப் பார்த்தார். "இது ஜோடி சாமான் சார். கதவுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. நடுவுல போல்ட்டு விட்டு ரெண்டையும் சேத்து முறுக்கணும். தனியா நிக்காது."

"நிக்க வைங்க" என்றான் அவன். சுவரில் துளை போட்டு, ஆப்பு அடித்து, எப்படியோ நிற்க வைத்துவிட்டுப் போனார்.

அவளுக்கு அது முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. "கதவே இல்லாத எடத்துல கைப்பிடி இருந்தா, தாண்டிப் போறப்பல்லாம் கை அதுவா போகுதுங்க. இழுத்துப் பாக்கலாமான்னு தோணுது." அதை மனசில் வைத்துக்கொண்டுதான் அவன் இன்று அவள்மேல் பாய்ந்தான். இழுத்துத்தான் பார்த்திருப்பாள். பிறகு கைரேகை தெரிகிறதே என்று முந்தானையால் தேய்த்திருப்பாள். கேட்டால் இல்லை என்கிறாள்.

அந்த வாரம் முழுக்க மழை. லேபிலிருந்து ஈரக்குடையோடு வந்து, விளக்கைப் போட்டதும் முதலில் சுவரைத்தான் பார்ப்பான். ஒவ்வொரு சாயங்காலமும் பளபளப்பு கொஞ்சம் நீண்டிருந்தது. மேலே ஒரு விரல் அளவு. கீழே ஒரு விரல் அளவு. ஹாலில் ஒரு வாடை வேறு, சில்லறையைக் கையில் ரொம்ப நேரம் இறுக்கி வைத்திருந்துவிட்டு உள்ளங்கையை முகர்ந்தால் வருமே, அந்தப் புளித்த உலோக வாடை. ஜன்னலைத் திறந்து வைத்தும் போகவில்லை. அவனுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அவள் வீட்டில் இல்லாத நேரத்திலும் பளபளப்பு வளர்வதைக் கவனித்திருந்தால் அவன் பயந்திருப்பான். அவன் அதைக் கவனிக்கவில்லை, அவள் பொய் சொல்வதாக மட்டுமே கவனித்தான்.

பழுப்பு போனால் போகட்டும், ஜோடி கிடைத்தாலாவது மனசு ஆறும் என்று அதை வாங்கின பழைய சாமான் கடைக்கு போன் போட்டான்.

"அந்தக் கைப்பிடிக்கு ஜோடி இருக்காம்மா?"

"இல்ல சார்" என்றார் கடைக்காரம்மா. "கதவோட சேத்துத்தான் வந்துச்சு, ஏதோ கட்டடம் இடிச்ச எடத்துலேர்ந்து. இந்தப் பக்கம் கைப்பிடி இருந்துச்சு. அந்தப் பக்கம் வெறும் ஓட்டை."

"நல்லாத் தேடிப் பாத்தீங்களா?"

"அந்தப் பக்கம் கட்டை முழுக்க ஒரே பிராண்டல் சார். நாயைப் பூட்டி வெச்சிருப்பாங்க போல. அதான் கதவை வெறகுக்குப் போட்டுட்டேன்."

நாய் ஆள் உயரத்துக்குப் பிராண்டுமா என்று அவன் கேட்டிருக்கலாம். ஜோடி இல்லை என்ற கடுப்பில் போனை வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மழை இருட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு, லேபில் பல்லின் விளிம்பைப் பார்க்கப் பயன்படுத்தும் உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துக் கைப்பிடியை அங்குலம் அங்குலமாகப் பார்த்தான். பாலிஷ் போட்டிருந்தால் மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடும். அப்படி ஒரு கோடும் இல்லை. இது துணி தேய்த்த பளபளப்பே இல்லை. பேருந்துக் கம்பியில், மாடிப்படியின் கைப்பிடியில் இருக்குமே, ஆயிரம் தடவை தோல் பட்டு, பட்டு, உலோகமே வழுக்கிப்போன பளபளப்பு. அப்படித் தேய பல வருஷம் ஆகும். அவன் பக்கவாட்டில் குனிந்து, கைப்பிடிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் சின்ன டார்ச்சை அடித்தான். பின்பக்கத்தில் நாலு பள்ளம். விரல்கள் வளைந்து பிடிக்கிற இடத்தில். நாலாவது பள்ளம், சுண்டுவிரலுக்கானது, மற்றவற்றோடு சேராமல் கோணிக்கொண்டு நின்றது.

அவளுடைய சுண்டுவிரல் கோணல். சின்ன வயசில் விழுந்து ஒடிந்தது.

"இங்க வா. கையைக் குடு."

"எதுக்குங்க?"

"குடுன்னா குடு."

துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள். அவன் அவள் வலது கையைப் பிடித்து, கைப்பிடிமேல் வைத்து, மெழுகில் பல் பதிக்கிற நிதானத்தோடு ஒவ்வொரு விரலாக மடக்கி அந்தப் பள்ளங்களில் அமர்த்தினான். ஆள்காட்டி விரல் பொருந்தியது. நடுவிரல் பொருந்தியது. மோதிர விரலும் பொருந்தியது. கோணல் சுண்டுவிரல் தன் கூட்டுக்குப் போவதுபோல் போய் உட்கார்ந்தது.

"இப்ப என்ன சொல்ற?"

அவள் தலையைச் சாய்த்து எதையோ கேட்பவள்போல் நின்றாள். "சூடா இருக்குங்க" என்றாள்.

"வெயில் படற சுவர்."

"எங்க வெயில்? ஒரு வாரமா மழை." அவள் முகம் மாறியது. "விடுங்க. கையை விடுங்க."

"நான் பிடிக்கவே இல்லையே."

அவன் கையை எடுத்து வெகுநேரமாகிவிட்டிருந்தது. அவள் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தாள். தோள் ஏறி இறங்கியது. பின்பு கை சட்டென்று விடுபட்டு, இரண்டடி பின்னால் தடுமாறி நாற்காலியில் மோதினாள். உள்ளங்கை கன்றிச் சிவந்திருந்தது.

"அந்தப் பக்கம் யாரோ பிடிச்சிருந்தாங்க" என்றாள் மெதுவாக.

"அந்தப் பக்கமா? நாலாவது மாடி வெளிச்சுவர். அந்தப் பக்கம் காக்காதான் இருக்கும். நாடகம் ஆடாத."

அவள் உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "எத்தனையோ நாளைக்கப்புறம் என் கையைப் பிடிச்சீங்களேன்னு ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். திருடி கையைப் பிடிக்கற மாதிரி பிடிச்சிருக்கீங்க." அதற்குமேல் பேசாமல் துணி மடிக்கப் போய்விட்டாள். அவனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நாலு பள்ளமும் பொருந்தியதே, அதற்கு என்ன சொல்கிறாள்? அந்தக் கோபம் சுருக்கென்றதை அமுக்கிவிட்டது.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. சுவரைத் தாண்டும்போது நின்றுவிடுவாள். கை பாதி உயரும். பிறகு நினைவு வந்ததுபோல் இறக்கிக்கொள்வாள். சாயங்காலம் அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒருநாள் சொன்னாள்: "அங்க யாரோ அழுதுக்கிட்டே இருக்காங்க. தெரிஞ்ச குரல் மாதிரி இருக்கு. யாருன்னுதான் பிடிபடலை."

"பக்கத்து வீட்டு டி.வி."

"அந்தப் பக்கம் வீடே இல்லைன்னு நீங்கதான சொன்னீங்க."

அவன் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினான். கைப்பிடியைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டால் இந்தப் புலம்பலும் நிற்கும், இருக்கிற பழுப்பாவது மிஞ்சும் என்று தோன்றியது. கையுறை போட்டுக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரோடு நின்றான். ஸ்க்ரூ சுழன்றது. சுழன்றதே தவிர வெளியே வரவில்லை. அவன் இடப்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கையை எடுத்தால், அது தானாகவே ஒரு சுற்று வலப்பக்கம் திரும்பி, முன்னைவிட இறுகிக்கொண்டது. மறுபடி சுற்றினான். மறுபடி இறுகியது. முழுச் சாயங்காலமும் போனது. ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கி எறிந்தான். அது ஒரு பித்தளைப் பறவையின் கழுத்தில் பட்டுக் கீறல் விழ, அதற்கு வேறு தனியாக நொந்துகொண்டான்.

மறுநாள் தச்சர் வந்தார். முதலில் சிரித்துக்கொண்டேதான் வந்தார். திருப்பினார். காதைச் சுவரில் வைத்தார். மறுபடி திருப்பினார். சிரிப்பு போயிற்று.

"சார், அந்தப் பக்கமும் யாரோ திருப்பறாங்க."

"யாருங்க திருப்புவாங்க? வெளியில சாரம்கூட இல்ல."

"அதான் சார் நானும் சொல்றேன்." தச்சர் எழுந்து நின்று பையில் சாமான்களை அள்ளிப் போட்டார். கூலி கேட்கவில்லை. வாசலில் நின்றிருந்த அவளைப் பார்த்து, "அம்மா, நீங்க அது பக்கம் போகாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, லிஃப்டுக்குக் காத்திராமல் படியிலேயே இறங்கிப் போனார்.

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். குரல் உயரவில்லை, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"சுவரை உடைச்சு அதை எடுத்துடுங்க."

"உடைச்சா கைப்பிடில கீறல் விழும்."

சொன்ன பிறகுதான் அவனுக்கே அது காதில் விழுந்தது. அவள் அவனை வெகுநேரம் பார்த்தாள். புதுசாக வந்த வாடிக்கையாளரின் முகத்தை ஃபிரேமுக்காக அளப்பாளே, அந்தப் பார்வை.

"நாளைக்கு லீவு போட்டிருக்கேன். சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போறேன்" என்றாள். "அது போச்சுன்னா சொல்லி அனுப்புங்க. வரேன்."

அன்று அவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் லேபில் ஒரு கிழவரின் மேல்செட்டில் முன்பல்லைத் தலைகீழாகப் பதித்துவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். மத்தியானம் தாண்டியதும் அவள் இல்லாத வீட்டுக்குள் நுழைவதை நினைத்துப் பார்த்தான். அத்தனை பித்தளையும் வரிசையாக நிற்கும். யார் என்று கேட்க ஆள் இருக்காது. உடைத்துவிடலாம், கீறல் விழுந்தால் விழட்டும், அவள் கிளம்புவதற்குள் போய்ச் சொல்லிவிடலாம் என்று பாதி வேலையில் எழுந்து ஓடிவந்தான். வழியெல்லாம் மழையும் நெரிசலும். வீடு வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

கதவைத் திறந்தான். ஹாலில் அவள் பெட்டி நின்றது. பூட்டி, கைப்பிடி நீட்டி, கிளம்பத் தயாராக. வாசல் ஓரம் அவள் செருப்பு.

"நல்லவேளை, போகலையா?" என்றான்.

உள்ளே போய்ப் பார்த்தான்.

சமையலறையில் தம்ளரில் பாதித் தண்ணீர். படுக்கையறையில் விரித்த விரிப்பு கலையாமல் இருந்தது. குளியலறைத் தரை உலர்ந்திருந்தது. போன் போட்டான், மணி பெட்டிக்கு மேலேயே அடித்தது. போனுக்குப் பக்கத்தில் அவள் கண்ணாடி, மடித்து வைத்தபடி. அது இல்லாமல் அவளுக்குப் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. அக்காவைக் கூப்பிட்டான். "இங்க வரலையே மாப்ள, நாங்களும் பாத்துக்கிட்டுதான் இருக்கோம்" என்றார். கீழே காவல்காரரைக் கூப்பிட்டான். "காலையிலேர்ந்து கேட்லதான் சார் இருக்கேன். அம்மா வெளிய போகல."

அந்த வாடை. இவ்வளவு கனமாக ஒருநாளும் இருந்ததில்லை. நாக்கிலேயே ஒட்டியது.

அவன் திரும்பிப் பார்த்தான். கைப்பிடியில் பழுப்பே இல்லை. நுனியிலிருந்து நுனிவரை, மங்கிய அறையில், தானே ஒரு விளக்குபோல் மஞ்சளாக நின்றது.

டக்.

கைப்பிடி சுவரை நோக்கி ஒரு நூல் அளவு உள்ளே போய்த் திரும்பி வந்தது.

டக். டக்.

யாரோ இழுக்கிறார்கள். அந்தப் பக்கத்திலிருந்து.

"ஏங்க." சுவருக்குள்ளிருந்து, பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுகிற சாதாரணக் குரலில். "ஏங்க, வந்துட்டீங்களா? இது திறக்க மாட்டேங்குது. அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளுங்களேன்."

அவன் பாய்ந்து கைப்பிடியைப் பிடித்தான். கையுறை இல்லை. கொதித்தது. தள்ளினான். சுவர். இழுத்தான். சுவர். "எப்படிப் போன? எங்க இருக்க நீ?"

"சும்மாத்தான் இழுத்துப் பாத்தேன். திறந்துக்கிச்சு. நீங்க எப்ப வருவீங்கன்னு தெரியாம எவ்ளோ நாளா கூப்பிட்டுட்டு இருக்கேன் தெரியுமா?"

"என்ன நாளா? காலையிலதான உன்னைப் பாத்தேன்!"

அந்தப் பக்கம் அழுகை. அவள் சொன்ன அழுகை.

கட்டிலுக்கு அடியிலிருந்து சுத்தியலை எடுத்து வந்து அடித்தான். பூச்சு உதிர்ந்தது. கடிகாரம் விழுந்து கதிர்கள் வளைந்தன. செங்கல் தெரிந்தது. "பயப்படாத, இதோ வரேன், உடைச்சுடறேன்" என்று கத்திக்கொண்டே அடித்தான். அடிக்கும் ஒவ்வொரு இடைவெளியிலும் குரல் வந்தது. முதலில் அவள் குரல். பிறகு தொண்டை கட்டினாற்போல். பிறகு இன்னும் கரகரத்து. அவன் ஒரு செங்கல்லைப் பெயர்ப்பதற்குள் அவளுக்கு அந்தப் பக்கம் எத்தனை காலம் கழிந்ததோ. "வரேன்னீங்களே" என்றது. அடுத்த செங்கல். "இன்னிக்காவது வருவீங்களா?" என்றது.

செங்கல் வெளிப்பக்கம் விழுந்தது. துளை வழியே ஈரக்காற்று முகத்தில் அடித்தது. கீழே தெரு. விளக்குகள். குடைகள். எதிர்க் கட்டடத்தின் ஜன்னலில் யாரோ திரை மூடினார்கள். துளைக்குள் தலையை விட்டு வெளிச்சுவரைப் பார்த்தான். மழைநீர் வழிகிற வெறும் சுவர்.

உள்ளே, ஒரு சாண் தள்ளி, கைப்பிடி இழுபட்டுக்கொண்டிருந்தது.

டக்.

வெகுநேரம் கழித்து, டக்.

சுத்தியல் கைநழுவியது. அவன் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டான். அது மெலிந்திருந்தது. அவன் பிடிக்குள்ளேயே இன்னும் மெலிந்தது, நடுவில், கரைகிற சோப்புபோல. பின்பக்கம் அவன் விரல்கள் மடங்கும் இடத்தில், கைப்பிடிக்கும் சுவருக்கும் நடுவே, வேறு விரல்கள் வந்து அவன் விரல்களின்மேல் படிந்தன.

தோல் உலர்ந்து சுருங்கியிருந்தது. எலும்புதான். நாலு. நாலாவது கோணல்.

"நான்தான்" என்றான். அழுதான். "நான் வந்துட்டேன். பிடிச்சுக்கோ. விட்டுடாத."

அந்த விரல்கள் அவன் கணுக்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தன. பொறுமையாக. அடையாளம் தேடி.

"யாரு?" பல்லெல்லாம் போன கிழவியின் குரல். "அந்தப் பக்கம் யாரு?"

அவன் சொன்னான். கத்திச் சொன்னான். கல்யாணமான வருஷத்தைச் சொன்னான், கண்ணாடிக் கடையைச் சொன்னான், தலைவாருகிற கண்ணாடியைத் திரும்ப இங்கேயே மாட்டுகிறேன் என்று சொன்னான். அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. மூச்சு தெரிந்தது. பிறகு, தெரியாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவளின் சங்கடத்தோடு, விரல்கள் விலகின. ஆள்காட்டி விரல். நடுவிரல். மோதிர விரல். சுண்டுவிரல் கொஞ்சம் தயங்கியது. அதுவும் போயிற்று.

கைப்பிடி ஆடவில்லை. சூடு இறங்கிக்கொண்டே வந்தது.

மேல்நுனியில் பழுப்பு தொடங்கியது. தொட ஆளில்லாத பித்தளையில் வருமே, அது. ஒரு விரல் அளவு. இரண்டு. இறங்கியது. அவன் சட்டையைக் கழற்றித் தேய்த்தான். போகவில்லை. வெறும் உள்ளங்கையால் தேய்த்தான். தோல் உரிந்தது. அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே, மழை உள்ளே சாரலடிக்க, தேய்த்துக்கொண்டே இருந்தான். அவன் விரல்களுக்கு நடுவே பித்தளை கறுத்துக்கொண்டே வந்தது.